சாவதற்குப் பத்து நொடி முன்னால்: கவுன்டர்-ஸ்டிரைக் டெமோ பார்த்துத் தேறுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் மோதும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு கவுன்டர்-ஸ்டிரைக் 2. ஓர் அணி வெடிகுண்டு வைக்கத் தாக்கும், மற்றது தடுக்கும். அதில் ரேங்க் ஏறாமல் ஒரே இடத்தில் நிற்பவர்கள் என்னிடம் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எய்ம் பத்தலண்ணா." மூன்று வருடமாக எங்கள் பகுதிப் பையன்களின் அணிக்கு வாரம் இரண்டு மாலை டெமோ, அதாவது ஆடி முடித்த மேட்சின் பதிவு, போட்டுக் காட்டிவருகிறேன். அவர்களுடைய சாவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், கை தவறியதால் மட்டும் செத்தது நான்கில் ஒன்றுகூட வருவதில்லை. மீதியெல்லாம் துப்பாக்கி வெடிக்கும் முன்பே முடிவாகிவிட்டவை.

தொழில்முறை வீரர்கள் நம்மிடமிருந்து வேறுபடும் இடம் அந்த முன்பகுதிதான். கண் ஒன்றைக் கண்டு விரல் அசைய மனிதருக்குச் சுமார் 0.2 முதல் 0.25 நொடி ஆகும். எவ்வளவு பழகினாலும் அதில் பெரிதாகக் குறைக்க முடியாது. ஆனால் எதிரி தலை நீட்டப்போகும் மூலையில் கிராஸ்ஹேரை (திரை நடுவில் இருக்கும் குறிப்புள்ளியை) முன்பே வைத்துக் காத்திருப்பவருக்கு அந்தக் கால் நொடியே போதும். எந்த மூலை, எப்போது, யார் துணையோடு என்பதை அவர்கள் தங்கள் டெமோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த வேலையை வீட்டிலிருந்தபடி எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. வரிசை முக்கியம். இதில் தடுமாறியவர்களில் பாதிப் பேர் படிகளை முன்பின்னாகச் செய்தவர்கள்.

1. உட்காரும் முன் தேவையானவை

டெமோக் கோப்பு முதலில். விளையாட்டின் முகப்பில் 'வாட்ச்' பகுதிக்குள் போனால் உங்கள் மேட்சுகள் வரிசையாக இருக்கும், அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அவை நிரந்தரமாக இருக்காது, கொஞ்ச நாளில் போய்விடும். பெரிய அப்டேட் ஒன்று வந்தால் பழைய டெமோ ஓடாமலும் போகலாம். அதனால் மேட்ச் முடிந்த அன்றே இறக்கிவிடுங்கள், அந்த வாரமே பாருங்கள்.

டெமோ ஓடும்போது ஷிஃப்ட்டையும் எஃப்2-வையும் சேர்த்து அழுத்தினால் ஓட்டுவதற்கான பலகை வரும். ரவுண்டு ரவுண்டாகத் தாண்டுவது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அதில்தான்.

எக்ஸ்-ரேயை அணைத்துவிடுங்கள். சுவருக்குப் பின்னால் இருக்கும் ஆட்களை உருவமாகக் காட்டும் வசதி அது. அது ஓடும்போது டெமோ பார்த்தால் எல்லாமே வெட்டவெளிச்சமாகத் தெரியும். "இங்க ஏன் போனேன், அவன் அங்கேயே நிக்கிறானே" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஆடும்போது உங்களுக்கு அது தெரியாது. தெரியாத ஒன்றுக்காக உங்களைத் திட்டிக்கொள்வதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான்.

அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். கணினியிலேயே குறித்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். டெமோவுக்கும் வேறு ஜன்னலுக்கும் மாறி மாறிப் போனால் கவனம் சிதறுகிறது. தாளில் எழுதுவதே வேகம்.

அணியோடு பேசிக்கொண்டு ஆடுபவர் என்றால், மேட்ச் நடக்கும்போதே ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் உங்கள் திரையையும் குரலையும் பதிவுசெய்யுங்கள். யார் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்பது டெமோவில் இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

கடைசியாக, நேரம். தோற்ற இரவே பார்க்காதீர்கள். கோபம் இருக்கும்போது மற்ற நாலு பேரின் தப்பு மட்டும்தான் கண்ணில் படும். மறுநாள் காலையில் உட்காருங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் கை எழுதும், மனம் பார்க்காது.

2. எந்த மேட்சை எடுப்பது

கடைசிவரை இழுத்துத் தோற்ற மேட்ச்தான் சிறந்தது. 13-10, 13-11 மாதிரி. அப்படிப்பட்டதில் இரண்டு மூன்று முடிவுகள் மாறியிருந்தால் ஜெயித்திருப்பீர்கள். அந்த முடிவுகளைக் கண்டுபிடிப்பது சாத்தியம்.

13-2 என்று நொறுங்கிய மேட்சை விட்டுவிடுங்கள். எதிரணி உங்களைவிட வெகு மேலே இருந்திருக்கலாம், அல்லது உங்கள் அணியில் ஒருவர் பாதியில் போயிருக்கலாம். அதிலிருந்து உங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது குறைவு.

முப்பது கில் எடுத்த மேட்சை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதைப் பார்ப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று உங்கள் தப்புகளுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. தண்டனை கிடைக்காத தப்பு டெமோவில் எளிதில் தெரியாது. நாலைந்து மேட்ச் பார்த்துக் கண் பழகிய பிறகு அதை எடுங்கள்.

ஒரே மேப்பில் (ஆட்டக் களத்தில்) மூன்று மேட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் செத்தது அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.

3. முதல் ஓட்டம்: ஸ்கோரும் பணமும் மட்டும்

சண்டைகளைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு ரவுண்டின் தொடக்கத்துக்கும் தாவி, இரு அணியிடமும் எவ்வளவு பணம், என்ன வாங்கினார்கள், ரவுண்டை யார் எடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பத்து நிமிட வேலை.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், கையில் பிஸ்டலோடு ரைஃபிள் ஐந்துக்கு எதிராகப் போய்ச் செத்ததைப் பிறகு 'இடத் தேர்வுப் பிழை' என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. அந்த ரவுண்டு வாங்கும் நேரத்திலேயே போய்விட்டது.

ஒரு கணக்கு சொல்கிறேன். தோற்ற அணிக்குக் கிடைக்கும் பணம் தொடர் தோல்விக்கு ஏற்ப 1,400-இலிருந்து 500, 500-ஆக ஏறி 3,400 வரை போகும். தாக்கும் அணியில் ஐவரிடமும் தலா 2,000 டாலர் இருக்கிறது, இந்த ரவுண்டு தோற்றால் 2,400 வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் எதுவும் வாங்காமல் சேமித்தால் அடுத்த ரவுண்டில் தலைக்கு 4,400. ஏகே-47 துப்பாக்கி 2,700, தலைக்கவசத்தோடு கவசம் 1,000, புகை எழுப்பும் ஸ்மோக் 300, கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் இரண்டு 400. அப்படியே பொருந்திவிடும். ஐந்தாவது ஆள் மட்டும் பொறுமையில்லாமல் இருந்த 2,000-த்தையும் செலவழித்தால், அடுத்த ரவுண்டில் அவரிடம் 2,400. ஏகே வாங்கவே காசு இல்லை. அந்த ரவுண்டில் நீங்கள் நாலரைப் பேராகத்தான் ஆடுகிறீர்கள்.

ஒரு பாதிக்கு 12 ரவுண்டு, 13 எடுத்தால் வெற்றி என்கிற இன்றைய கணக்கில் இப்படி இரண்டு ரவுண்டை விட்டால் மீள்வது கஷ்டம். நோட்டில் இந்த மாதிரி ரவுண்டுகளின் பக்கத்தில் ஒரு வட்டம் போடுங்கள். இனி வரும் படிகளில் அவற்றைத் தொட வேண்டாம்.

4. சாவுகளைப் பட்டியலிடுங்கள், காரணம் தேடாதீர்கள்

இப்போது உங்கள் சாவுகளுக்கு மட்டும் தாவித் தாவிப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம்: எத்தனையாவது ரவுண்டு, கடிகாரம் என்ன காட்டியது, எந்த இடம். ரவுண்டுக் கடிகாரம் 1:55-இலிருந்து இறங்கும், அதையே எழுதுங்கள்.

காரணத்தை இப்போதே எழுதினால் முதலில் தோன்றுவதை எழுதுவீர்கள். அது பெரும்பாலும் "சுடுறதுக்குள்ள செத்துட்டேன்" என்பதாக இருக்கும். அதனால் காரணத்துக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். எங்கள் அணியில் ஒரு தம்பிக்கு இந்த இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. தடுக்கும் பக்கம் ஆடிய 11 சாவில் 7 சாவு 1:30-க்கும் 1:40-க்கும் இடையில். ரவுண்டு தொடங்கிய கால் நிமிடத்தில் ஏதோ ஒரு மூலையை எட்டிப் பார்க்கப் போய்ச் சாகிறான். மற்ற நாலு பேர் மீதி நேரம் முழுக்க ஐந்து பேரைச் சமாளிக்கிறார்கள். யாரும் சொல்லாமலே அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

5. ஒவ்வொரு சாவிலும் பத்து நொடி பின்னால் போங்கள்

இதுதான் மையமான படி. அவசரப்பட வேண்டாம்.

சாவிலிருந்து பத்து நொடி பின்னால் போய், உங்கள் கண் வழியாக, இயல்பான வேகத்தில் பாருங்கள். பிறகு கீழே உள்ள ஐந்து கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். முதலில் 'ஆம், இங்கேதான் தப்பு' என்று வருகிற கேள்வியோடு நிறுத்திவிட்டு அதன் எழுத்தைக் காரணக் கட்டத்தில் போடுங்கள். அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

த — தகவல். அந்த நொடியில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது தெரிந்திருந்ததா? மினிமேப் (திரை மூலையில் இருக்கும் சிறு வரைபடம்), கில் பட்டியல் (யார் யாரைக் கொன்றார் என்று திரையில் வருவது), காலடிச் சத்தம், தோழர் சொன்னது.

இ — இடம். நான் நின்ற இடத்தை எத்தனை பக்கத்திலிருந்து பார்க்க முடியும்? ஒன்றுக்கு மேல் என்றால் ஏன் அங்கே நின்றேன்? போன ரவுண்டிலும் அங்கேயேதான் நின்றேனா?

து — துணை. என்னைக் கொன்றவனை இரண்டு மூன்று நொடிக்குள் சுடக்கூடிய தூரத்தில் தோழர் யாராவது இருந்தாரா?

கி — கிரனேடு. சாகும்போது கையில் ஃபிளாஷோ ஸ்மோக்கோ மிச்சம் இருந்ததா? அதை வீசியிருந்தால் இந்தச் சண்டை வேறு மாதிரி போயிருக்குமா?

கை — கிராஸ்ஹேர் தலை உயரத்தில் இருந்ததா? நின்று சுட்டேனா, நடந்துகொண்டே சுட்டேனா?

கையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேலே உள்ள நான்கில் ஒன்று தவறினால் உங்கள் கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் குறைவு. முதுகுப் பக்கம் வருபவனை எந்தக் கையாலும் சுட முடியாது. கையிலிருந்து தொடங்கினால் எல்லாச் சாவுக்கும் அதுவே விடையாகத் தெரியும், ஏனென்றால் செத்தவர் எல்லோரும் எதிரியைவிடப் பின்தங்கித்தான் சுட்டிருப்பார்கள்.

ஒரு நிஜ உதாரணம். மிராஜ் மேப், வெடிகுண்டு வைக்கும் இரண்டு இடங்களில் ஒன்றான ஏ தளத்தைக் காக்கும் பையன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தாக்குபவர்கள் வரும் ராம்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான். 1:12-இல் பக்கவாட்டிலிருந்து குண்டு வந்து சாகிறான். சாவை மட்டும் பார்த்தால், திரும்பக்கூட நேரமில்லை, சரிதான், எய்ம் வேகம் போதவில்லை என்று தோன்றும்.

பத்து நொடி பின்னால் போனோம். 1:21-இல் கனெக்டரைக் காத்த தோழர் செத்தது கில் பட்டியலில் வருகிறது. கனெக்டர் திறந்துவிட்டது. நடு மேப்பிலிருந்து ஏ தளத்துக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்த ஒன்பது நொடி இவன் கிராஸ்ஹேர் ராம்பை விட்டு அசையவில்லை. சிடி பக்கம் (தடுக்கும் அணி தொடங்கும் இடம்) பின்வாங்கியிருக்கலாம், பெட்டியைச் சுற்றி வந்து கனெக்டர் பக்கம் மறைவு எடுத்திருக்கலாம், குறைந்தபட்சம் பேலஸ் என்ற இன்னொரு வழியைப் பார்த்துக்கொண்டிருந்த தோழரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்பது நொடி என்பது இந்த விளையாட்டில் ரொம்ப நீளம். அவன் நோட்டில் 'த' என்று எழுதினான். அதே மேட்சில் அவனுக்கு இன்னும் ஐந்து 'த' இருந்தது. எய்ம் பயிற்சிக்காகத் தினமும் ஒரு மணி நேரம் செலவழித்துக்கொண்டிருந்த பையன் அவன்.

'து'வைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இதில்தான் பலர் சண்டைக்கு வருவார்கள்: "அவன்தான் என்கூட வரல." இருக்கலாம். ஆனால் அவர் வரவில்லை என்பது உங்களுக்கு மினிமேப்பில் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் போனது உங்கள் முடிவு. டெமோவில் உங்கள் சாவை ஆராயும்போது தோழரின் தப்பு உங்கள் நோட்டில் ஏறக் கூடாது. உங்களால் மாற்ற முடிந்தது மட்டும்தான் ஏற வேண்டும்.

'கை'யில் ஒரு எச்சரிக்கை. டெமோ என்பது சர்வரின் பதிவு. உங்கள் திரையில் நீங்கள் பார்த்ததற்கும் அதற்கும் இணைய தாமதத்தால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். மறைவுக்குள் போன பிறகு செத்ததுபோல உங்களுக்குத் தெரிந்தது, டெமோவில் வெளியே நிற்கும்போதே செத்ததாகத் தெரியும். அதனால் குண்டு ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிப் பார்க்காதீர்கள். கிராஸ்ஹேர் எந்த உயரத்தில் வந்தது, நகரும் திசைக்கு எதிர்ப் பக்க விசையைத் தட்டி நின்று சுட்டீர்களா, இந்த இரண்டும் போதும்.

6. எதிரியின் கண்ணால் ஒருமுறை

ஐந்து கேள்விக்கும் பதில் கிடைக்காத சாவுகள் சில மிஞ்சும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் செத்தேன் என்று தோன்றும். அவற்றை உங்களைக் கொன்றவரின் பார்வையில் ஓட்டுங்கள்.

இதை முன்பே செய்யக் கூடாது. எதிரி என்ன நினைத்தார் என்று தெரிந்த பிறகு, உங்கள் முடிவை அன்று தெரிந்ததை மட்டும் வைத்து எடைபோட முடியாது.

மூன்று விஷயம் பெரும்பாலும் தெரியவரும். ஒன்று, அவர் கிராஸ்ஹேர் நீங்கள் நிற்கும் மூலையை முன்பே குறிவைத்திருக்கும், ஏனென்றால் மூன்று ரவுண்டாக அதே மூலையில் நிற்கிறீர்கள். இரண்டு, நீங்கள் ஓடி வந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அந்த இடத்தில் நடந்து வந்திருக்க வேண்டும். மூன்று, மறைவுக்கு வெளியே உங்கள் தோளோ துப்பாக்கி முனையோ நீட்டிக்கொண்டிருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் அவர் நன்றாகச் சுட்டார், அவ்வளவுதான். ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த சாவுக்குப் போங்கள்.

7. சாகாத ரவுண்டுகளும் பாருங்கள்

சாவை மட்டும் பார்த்தே பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பாடம் ஏறிவிடும்: சாகாமல் இருந்தால் சரி என்று. மேப்பின் மறுகோடியில் பதுங்கி, நாலு தோழர்கள் செத்த பிறகு துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறுவதில் நிபுணர்கள் ஆகிவிடுவார்கள்.

அதனால் உயிரோடு முடித்த ரவுண்டுகளில் தோற்றவற்றை மட்டும் எடுங்கள். ஒரே கேள்வி: முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது நான் எங்கே இருந்தேன், தேவைப்பட்ட இடத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தேன்?

தாக்கும் அணி வெடிகுண்டு வைத்த பிறகான கணக்கை இங்கே கவனியுங்கள். வெடிக்க 40 நொடி. செயலிழக்கச் செய்ய, அதற்கான கருவியான கிட் இல்லாமல் 10 நொடி, கிட் இருந்தால் 5. அதாவது வைத்து 30 நொடி தாண்டிவிட்டால் கிட் இல்லாதவர் உள்ளே போவதில் பயனில்லை. 35 தாண்டினால் கிட் வைத்திருப்பவருக்கும் அதே கதி. பத்தாவது நொடியில் நுழைந்திருக்க வேண்டியவர்கள் தயங்கித் தயங்கி 28-ஆவது நொடியில் நுழைந்து, துப்பாக்கியையும் ரவுண்டையும் சேர்த்து இழப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். போவதென்றால் உடனே, ஒன்றாக. இல்லையென்றால் துப்பாக்கியைக் காப்பாற்றுவது. நடுவில் ஒரு வழி கிடையாது.

8. இப்போதுதான் தொழில்முறை வீரரின் டெமோ

எட்டாவது படிக்கு இதை ஏன் தள்ளினேன் என்று கேட்பீர்கள். உங்கள் கேள்வி என்னவென்று தெரியாமல் பெரிய வீரரின் ஆட்டத்தைப் பார்த்தால் அது வேடிக்கை பார்ப்பதாகத்தான் இருக்கும். உங்கள் நோட்டில் மிராஜ் கனெக்டரில் ஆறு 'த' இருக்கும்போது பார்த்தால், அதே இடத்தில் அவர் கண் எங்கே போகிறது என்று தேடுவீர்கள்.

ஹெச்எல்டிவி என்ற கவுன்டர்-ஸ்டிரைக் செய்தித் தளத்தில் பெரிய போட்டிகளின் டெமோக்கள் இலவசமாக இறக்கக் கிடைக்கின்றன. யூடியூபில் வரும் தொகுப்புக் காட்சிகளை எடுக்காதீர்கள். கில்லுக்கு முந்தைய இருபது நொடியை வெட்டிவிட்டுத்தான் அவற்றைப் போடுகிறார்கள். நமக்குத் தேவை அந்த இருபது நொடி.

யாரைப் பார்ப்பது என்பதில் பெரும்பாலோர் வழுக்குவார்கள். புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் பொறுப்பை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

2024 டிசம்பரில் ஷாங்காய் மேஜர் (கவுன்டர்-ஸ்டிரைக்கின் மிகப் பெரிய போட்டித் தொடர்) இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் அணி 2-1 என்று ஃபேஸ் அணியை வென்றது. ஸ்பிரிட்டின் டோங்க்குக்கு அப்போது வயது 17. தொடரின் மிகச் சிறந்த வீரர் அவர்தான். எதிரே ஃபேஸ் அணியை வழிநடத்திய கேரிகனுக்கு 34. அவர் 2022-இல் ஆன்ட்வெர்ப் மேஜரை வென்ற அணியின் தலைவர். கில் எண்ணிக்கையில் டோங்க் அருகில்கூட அவர் வர மாட்டார். ஆனாலும் இருவரும் ஒரே மேடையில், ஒரே இறுதிப் போட்டியில். இருவரிடமும் கற்க வேண்டியவை முற்றிலும் வேறு.

டோங்க்கைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஓடிப்போய் முதல் ஆளாகச் சண்டை போடத் தொடங்குவார்கள், இரண்டு நாளில் ரேங்க் இறங்கும். அவர் நுழையும்போது திரையை நிறுத்திவிட்டு மற்ற நால்வர் எங்கே என்று பாருங்கள். ஃபிளாஷ் வீசியது யார், பின்னாலேயே வருவது யார், அவர் செத்தால் அந்த எதிரியைச் சுட யார் தயாராக நிற்கிறார்? அந்த ஏற்பாடு இல்லாமல் அவர் ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 'து' என்ற எழுத்துதான் நோட்டில் கூடும்.

தனியாகச் சுற்றி வந்து பின்னால் நுழையும் வேலை உங்களுடையது என்றால் ராப்ஸ் என்ற வீரரைப் பாருங்கள். எவ்வளவு நேரம் எதுவும் செய்யாமல் காத்திருக்கிறார், தோழர்கள் எந்த நொடியில் சத்தம் எழுப்பும்போது நகர்கிறார் என்று கடிகாரத்தோடு குறியுங்கள். ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி எடுப்பவர்கள் ஸைவூ என்ற வீரரைப் பார்க்கலாம். ஒரு குண்டு சுட்ட பிறகு அவர் அதே இடத்தில் இருக்கிறாரா, எங்கே போகிறார் என்பதுதான் கேள்வி. ரவுண்டை வழிநடத்துபவர் கேரிகனைப் பார்க்கும்போது அவர் திரையை விட்டுவிட்டு மேலிருந்து தெரியும் மேப்பைப் பாருங்கள். அவர் ஆட்டம் அங்கேதான் தெரியும். கிரனேடு கற்க வேண்டுமானால், நான்கு மேஜர்களை வென்ற பழைய அஸ்ட்ராலிஸ் அணியின் 2018, 2019 ஆட்டங்களின் பதிவுகளைப் பாருங்கள். மேப்புகளும் கிரனேடுகளும் அப்போதிலிருந்து மாறியிருக்கின்றன. அதனால் எந்த மூலையில் வீசினார்கள் என்பதைவிட, யாருடைய கிரனேடுக்குப் பிறகு யார் நகர்ந்தார்கள் என்ற வரிசையைக் கவனியுங்கள். அந்த வரிசை இன்றும் பழையதாகவில்லை.

ஒரு தடவைக்கு மூன்று ரவுண்டு போதும். முழு மேட்சும் பார்க்க உட்கார்ந்தால் ரசிகராகிவிடுவீர்கள்.

9. ஒரே ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம்

நோட்டில் எந்த எழுத்து அதிகம் என்று எண்ணுங்கள். இரண்டு எழுத்து சமமாக வந்தால் வரிசையில் முன்னால் இருப்பதை எடுங்கள். ஒரு வாரத்துக்கு அது மட்டும்தான்.

ஐந்தையும் ஒன்றாகத் திருத்தப் போனவர்களின் ஆட்டம் முன்பைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மூலையில் நுழையும்போது ஐந்து விஷயத்தை நினைத்துக்கொண்டு நுழைந்தால் விரல் நின்றுவிடும்.

'த' என்றால்: ஒவ்வொரு தடவை துப்பாக்கிக்குக் குண்டு ஏற்றும்போதும், கில் பட்டியலில் பெயர் வரும்போதும் மினிமேப்பைப் பார்ப்பது என்று ஒரே விதி. அந்த வாரம் மேட்சில் தோற்றாலும் பரவாயில்லை, விதி முக்கியம்.

'இ' என்றால்: தடுக்கும் பக்கம் ஆடும்போது ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு ரவுண்டு நிற்பதில்லை. நிற்கும் முன் பின்வாங்கும் வழி எது என்று மனதில் சொல்லிக்கொள்வது.

'து' என்றால், செத்தாலும் உடனே உயிர்த்து வந்து சுட்டுக்கொண்டே இருக்கும் டெத்மேட்ச் ஆடி எதுவும் ஆகப்போவதில்லை, அங்கே சேர்ந்து நகரும் துணையே கிடையாது. ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு, இருவரும் ஒரு மூலைக்கு மேல் பிரிவதில்லை என்று பேசிவைத்து ஆடுங்கள்.

'கி' என்றால்: மேப்புக்கு மூன்றே ஸ்மோக். மிராஜ் என்றால் ஏ தளத்துக்குள் நுழைய ஸ்டேர்ஸ், ஜங்கிள், சிடி ஆகிய மூன்று இடங்களை மறைப்பவை. தனிப் பயிற்சி சர்வரில் ஒவ்வொன்றையும் தொடர்ந்து பத்துத் தடவை தவறாமல் விழும்வரை வீசுங்கள். இருபது ஸ்மோக் காணொளியைச் சேமித்து வைத்திருப்பவர்களைத் தெரியும். மேட்சில் ஒன்றும் ஞாபகம் வராது.

'கை' என்றால்: தினம் இருபது நிமிட டெத்மேட்ச், ஏகே மட்டும். கில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். கிராஸ்ஹேர் தரையைப் பார்க்காமல் தலை உயரத்திலேயே நகர்கிறதா, சுடும் முன் நிற்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியோடு பழகினால் தவறான பிடிதான் பழகும்.

10. அணியோடு பார்க்கும்போது

ஐந்து பேர் சேர்ந்து பார்ப்பது தனிக் கலை. எங்கள் முதல் மாதக் கூட்டங்கள் எல்லாம் சண்டையில்தான் முடிந்தன; இரண்டு பேர் அணியை விட்டே போய்விட்டார்கள். அதற்கு நான்தான் பொறுப்பு, ஒழுங்கில்லாமல் நடத்தினேன். இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது.

எல்லோரும் முதல் ஏழு படிகளைத் தனியாகச் செய்துவிட்டு நோட்டோடு வர வேண்டும். செய்யாதவருக்கு அன்று பேச்சு இல்லை, பார்க்க மட்டும்தான்.

ஒரு ரவுண்டை ஓட்டுவதற்கு முன், அதில் தன் தப்பு என்ன என்று அவரவர் முதலில் சொல்ல வேண்டும். வயதில் சின்னவர் தொடங்குவார், ரவுண்டை வழிநடத்துபவர் கடைசியில். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் "ஆமாண்ணா, சரிண்ணா" என்று நிறுத்திவிடுவார்கள். அவர்கள் திரையில் பார்த்தது யாருக்கும் தெரியாமலே போகும்.

ஒரு கூட்டத்துக்கு நாலு ரவுண்டு. மூன்று தோற்றவை, ஒன்று ஜெயித்தது. ஜெயித்த ரவுண்டில் எதிரி பதறியதால் ஜெயித்தோமா, நாம் போட்ட திட்டத்தால் ஜெயித்தோமா என்று கேளுங்கள். எதிரி பதறியதால் என்றால் அந்தத் திட்டத்தை அடுத்த மேட்சுக்கு நம்பி எடுத்துப் போக வேண்டாம்.

குரல் பதிவு இருந்தால் அதையும் சேர்த்து ஓட்டுங்கள். செத்த பிறகு ஒருவர் எத்தனை நொடி பேசிக்கொண்டே இருக்கிறார் என்று எண்ணுங்கள். எங்கள் அணியில் ஒரு ரவுண்டில் அது 14 நொடி. அந்த 14 நொடியும் உயிரோடு இருந்த கடைசி ஆளுக்குக் காலடிச் சத்தம் கேட்கவில்லை. இப்போது செத்தவர் எதிரி நின்ற இடத்தையும் அவர் வாங்கிய அடியையும் மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுகிறார்.

வார முடிவில் ஐந்து நோட்டையும் பக்கம் பக்கமாக விரித்து வைப்போம். மூன்று பேரிடம் ஒரே எழுத்து அதிகமாக இருந்தால் அடுத்த வாரம் அணி முழுக்க அந்த எழுத்துதான். இல்லையென்றால் அவரவர் எழுத்தோடு அவரவர்.